ஸ்டேஷன் நான்கில் குனிந்த குச்சி மனிதர்கள்

“செவ்வாய், இரண்டாம் ஷிஃப்ட். ஸ்டேஷன் நாலு ரோபோ காரணம் இல்லாமல் நின்றது. ரீசெட் செய்யப்பட்டது. திரும்பவும் காரணம் இல்லாமல் நின்றது. ரீசெட் செய்யப்பட்டது. டீ டைமில் நிற்கவில்லை.”

எங்கள் ஷிஃப்ட் புத்தகத்தில் ஆபரேட்டர் டில்லிபாபு எழுதிய குறிப்பு இது. கடைசி வாக்கியத்தைத் தகவலாக எழுதினாரா, கிண்டலாக எழுதினாரா என்று கேட்டேன். “ரெண்டும்தான் சார்” என்றார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் பொறுப்பாளனாக இருந்தேன். இப்போது ஓய்வு. பருத்திப்பட்டு வீட்டில் பழைய டைரிகளைக் கிழமைவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் படிக்க ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பழைய சகாக்கள் கேட்டார்கள். ஃபர்னஸ் வெடித்த கதை, கிரேன் சங்கிலி அறுந்த கதை எல்லாம் எல்லோரிடமும் இருக்கும். குச்சி மனிதர்களின் கதை எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அதை எழுதுகிறேன்.

1. வேலி இல்லாத ரோபோ

ரோபோ என்றதும் இரண்டு கால், இரண்டு கண் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்களுடையது மேஜையில் போல்ட் போட்டு நிறுத்திய ஒற்றைக் கை. பம்ப் ஹவுசிங் என்னும் கனமான வார்ப்பைத் தரையோரப் பெட்டியிலிருந்து அது எடுக்கும்; ஃபிக்ஸ்ச்சர் என்னும் தாங்கியில் வைத்துப் பிடித்துக்கொள்ளும். ஆபரேட்டர் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் பொருத்தி, போல்ட்டுகளை முடுக்கி, காலடியில் இருக்கும் பெடலை மிதிப்பார். உடனே கை அந்த ஹவுசிங்கைத் தூக்கி, பக்கத்தில் இருக்கும் ‘முடிந்தது’ பெட்டியில் இறக்கிவிட்டு அடுத்ததை எடுக்கப் போகும்.

எங்களிடம் இருந்த மற்ற ரோபோக்களெல்லாம் வேலிக்குள் இருப்பவை. வேலிக் கதவைத் திறந்தால் கரண்ட் போய்விடும். இதற்கு மட்டும் வேலி கிடையாது. மனிதர் பக்கத்தில் நின்று, தோளோடு தோள் வேலை செய்ய வேண்டிய ஜாதி.

பிறகு அடிபடாமல் இருப்பது எப்படி? மேலே இரண்டு கேமராக்கள் இருந்தன. அவை ஆபரேட்டரின் தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றைப் புள்ளிகளாக எடுத்துக் கோடுகளால் இணைக்கும். திரையில் ஒரு குச்சி மனிதன் தெரிவான். இந்தக் குச்சி மனிதனின் கை அடுத்த நொடிக்குள் எங்கே போய்ச் சேரும் என்பதை மென்பொருள் கணிக்கும். தன் பாதையில் வரும் என்று தெரிந்தால் ரோபோ வேகத்தைக் குறைக்கும், அல்லது ஒதுங்கிப் போகும். கணிப்பில் வராத அசைவு ஒன்று நெருக்கத்தில் வந்துவிட்டால், வம்பே வேண்டாம் என்று நின்றுவிடும். நின்றால் ரீசெட் செய்யாமல் கிளம்பாது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பூந்தமல்லி சாலையில் பைக் ஓட்டுகிறவர்கள் தினமும் செய்வதுதான். ஷேர் ஆட்டோ இண்டிகேட்டர் போடாது. ஆனாலும் ஓரத்தில் ஒருவர் கையைத் தூக்கியதைப் பார்த்ததுமே, ஆட்டோ இடப்பக்கம் வெட்டும் என்று நம் கை பிரேக்குக்குப் போய்விடுகிறது. ஊர் தெரிந்தவன் கணிக்கிறான். புதிதாக வந்தவன் இடித்துக்கொள்கிறான். எங்கள் ரோபோ ஊருக்குப் புதிது.

ஸ்டேஷன் நான்கின் முதல் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஸ்டெல்லா. ஆவடிக்காரர், லைனிலேயே மூத்தவர். வலது தோள் தசைநார் கிழிந்து, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் லைனில் கனம் தூக்காமல் செய்யக்கூடிய வேலை ஸ்டேஷன் நான்கில் மட்டும்தான் இருந்தது. தூக்குவது ரோபோவின் பாடு.

ஆனால் அந்த ஸ்டேஷன் சோதனையில் இருந்தது. எங்களிடம் பம்ப் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, வேலி இல்லாமலே இது ஒழுங்காக ஓடுகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேலி போட்டு, போல்ட் முடுக்குவதையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பிளான்ட் ஹெட் பாலசுந்தரம் இதை ஸ்டெல்லாவிடம் ஒளிக்காமல் சொன்னார். “அப்படி ஆச்சுன்னா உங்களுக்குக் கொடுக்க என்கிட்ட வேற ஸ்டேஷன் இல்லம்மா. செட்டில்மென்ட்தான் பேசணும்.”

ஸ்டெல்லா என்னிடம் வந்து, “தோள் போச்சு, சர்தான். ஸ்டேஷனும் போச்சின்னா ஊட்ல குந்திகினு சீரியல் பாக்க வேண்டியதுதான் சார். அதுவும் என் மாமியாரோட” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று கொண்டு வந்த சாப்பாட்டை அவர் சாப்பிடவில்லை என்பதும் என் டைரியில் இருக்கிறது.

2. போட்டோவுக்கு நின்ற உடம்பு

கணிக்கும் மென்பொருளைப் பழக்கும் பொறுப்பு வேணியிடம் இருந்தது. விருதுநகர்ப் பெண். காட்டுப்பாக்கத்தில் தோழிகளோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தார். அடிப்படை மென்பொருள் வெளியூரிலிருந்து வந்தது. எங்கள் ஆட்கள் எப்படி அசைகிறார்கள் என்பதை அதற்குக் காட்டிப் பழக்குவது வேணியின் வேலை.

தொழிலாளர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். முகம் பதிவாகக் கூடாது. நியாயமான கோரிக்கை. ஆகவே படம் எதுவும் சேமிக்கப்படாது, புள்ளிகளும் கோடுகளும் மட்டுமே சேமிக்கப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

பதிவு ஆரம்பித்த நாள் புதன்கிழமை என்கிறது என் டைரி. ஷிஃப்ட் புத்தகம் வியாழன் என்கிறது. நான் புதனையே நம்புகிறேன். ஏனென்றால் அன்று கேன்டீனில் லெமன் சாதம் என்றும் எழுதியிருக்கிறேன், வியாழக்கிழமைகளில் லெமன் சாதம் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

அன்று ஸ்டெல்லா இஸ்திரி போட்ட யூனிஃபார்மில், தலைநிறையப் பூவோடு வந்தார். இரண்டாம் ஷிஃப்ட் டில்லிபாபு முடிவெட்டி, பவுடர் பூசி வந்தார்.

“அண்ணே, முகம்தான் வராதுன்னு சொன்னேனே?” என்றார் வேணி.

“வராட்டி இன்னா மேடம்? நான் கேமரா முன்னாடி நிக்கிறேன் இல்ல?” என்றார் டில்லி.

டில்லியின் இயல்பான நிலை எனக்குத் தெரியும். ஒரு கால் மேஜைக் கம்பியில், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, இடுப்பு இன்னொரு பக்கம் போயிருக்கும். அன்று அவர் சுவரில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் போஸ்டர் மனிதரைப் போல் நிமிர்ந்து நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு போல்ட் முடுக்கினார். ஸ்டெல்லாவும் அப்படியே. கல்யாண ஆல்பத்துக்கு மாலையும் கழுத்துமாக நிற்பவர்கள் எப்படி மூச்சுவிடுவார்களோ, அப்படித்தான் இருவரும் மூச்சுவிட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் ஒருவர் காலும் ஒரு பெட்டியிலும் இடிக்கவில்லை. அவ்வளவு கவனம். “டேட்டா ரொம்ப க்ளீனா இருக்கு சார்” என்று வேணி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன்.

3. மயக்கம் என்று ஒரு சந்தேகம்

கேமராவுக்குப் பழகி அவரவர் பழைய உடம்புக்குத் திரும்பியதும் ரோபோ நிற்க ஆரம்பித்தது. டில்லி மேலே சொன்ன குறிப்பை எழுதியது அப்போதுதான்.

“அண்ணாத்தே மறுபடியும் மெரண்டுட்டாரு சார்” என்று தினமும் ஆள் அனுப்புவார். ரோபோவுக்கு அவர் வைத்த பெயர் அண்ணாத்தே.

நான் கேபிள்களைப் பார்த்தேன், சென்சார்களைப் பார்த்தேன், எர்த்திங்கைப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. வேணி பதிவான புள்ளிகளை ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறை நின்றபோதும் திரையில் ஒரே காட்சி. குச்சி மனிதன் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருக்கிறான். திடீரென்று இடுப்பில் மடிகிறான். ஒரு கை மேஜைக்குக் கீழே இறங்கிக் காணாமல் போகிறது. பிறகு அதே கை முகத்துக்கு வருகிறது. நிமிர்ந்து வேலையைத் தொடர்கிறான். எல்லாம் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிடுகிறது. கை இறங்கிய இடம் ரோபோ வந்து போகும் பாதை. அது நிற்காமல் என்ன செய்யும்?

“அக்கா, வேலைக்கு நடுவுல நீங்க குனியுறீங்களா?” என்று வேணி கேட்டார்.

“இல்லியே. நான் எதுக்குக் குனியப் போறேன்? போல்ட்டு மேலதானே கீது” என்றார் ஸ்டெல்லா.

டில்லியைக் கேட்டோம். “குனியறதா? என் முதுகுக்கு அதெல்லாம் ஆவாது மேடம்.”

இருவரும் பொய் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் குழப்பம் கூடியது.

அந்தக் குச்சி மனிதன் மடிவதை பாலசுந்தரம் இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். “சார், இது மயக்கம் மாதிரி இல்ல? திடீர்னு மடங்குறாங்க, நெத்தியைப் பிடிச்சிக்கிறாங்க, சமாளிச்சு எழுந்துக்கிறாங்க. அந்தம்மாவுக்கு வயசும் ஆகுது. ஒரு ஃபுல் மெடிக்கல் அனுப்பிடுவோம்.”

“டில்லிக்கும் இதேதான் சார் வருது. அவருக்கு என்ன வயசு?” என்றேன்.

“அவன் காலையில சாப்பிடுறதே இல்ல” என்றார். எந்த உண்மையும் தன் முடிவுக்கு வசதியாக வந்து உட்காரும்படி பேசக்கூடியவர்.

மெடிக்கல் என்ற சொல் ஸ்டெல்லாவுக்கு எட்டிவிட்டது. தோளோடு மயக்கமும் சேர்ந்தால், சோதனை முடிவு வரும்வரைகூட ஸ்டேஷனில் நிற்க முடியாது. நேராக என் மேஜைக்கு வந்தார்.

“எனக்கு மயக்கமா? யார் சார் சொன்னது? அம்பத்தூர் ஸ்டேஷன்ல ஓடற ட்ரெய்ன்ல ஏறி ஆவடிக்குப் போறேன் நானு. மயக்கம் வர்றவ இறங்கற பக்கம் தெரியாம திருவள்ளூர்ல போய் முழிச்சிகினு நிப்பா.”

“யாரும் முடிவு பண்ணலம்மா. சந்தேகம்தான்.”

“சந்தேகம்தான் சார் வேலைய தின்றது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

4. லேப்டாப் பை

ஸ்டெல்லாவின் மெடிக்கலுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள், மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டேஷனில் ஆபரேட்டர் இல்லை. ரோபோவை மெதுவான வேகத்தில் ஓடவிட்டு வேணி மேஜையருகே நின்று கேமராவின் கோணத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி அவருடைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், இப்ப என் தோள் சரியாத் தெரியுதா?” என்று கேட்டபடி அவர் ஓரடி பின்னால் வைத்தார். குதிகால் தரையில் இருந்த அவருடைய லேப்டாப் பையில் இடித்தது.

திரையில் குச்சி மனிதன் இடுப்பில் மடிந்தான். கை கீழே போயிற்று. முகத்துக்கு வந்தது. நிமிர்ந்தான். ரோபோ நின்றுவிட்டது.

“பாத்தீங்களா? ஆளே இல்லாம நிக்குது!” என்றார் வேணி.

“ஆள் இருக்கே. நீங்கதான் ஆள்.”

“நான் ஒண்ணுமே பண்ணலையே சார்.”

“குனிஞ்சீங்க.”

“நானா? இல்லையே!”

ஸ்டெல்லா சொன்ன அதே “இல்லையே”. அதே குரல், அதே நேர்மை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேணிம்மா, உங்க கால் பையில பட்டுச்சு. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டீங்க.”

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஏதோ மிச்சம் ஒட்டியிருக்கும் என்பது போல. பிறகு திரைக்கு ஓடி வந்து, தன்னுடைய குச்சி உருவத்தை ஓட்டினார். பக்கத்தில் ஸ்டெல்லாவினுடையதை ஓட்டினார். டில்லியினுடையதை ஓட்டினார். மூன்று குச்சி மனிதர்களும் ஒன்றாக மடிந்து ஒன்றாக நிமிர்ந்தார்கள்.

“அட ஆண்டவா!” என்றார்.

படத்தைச் சேமித்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். புள்ளிகளில் பெட்டி கிடையாது, பை கிடையாது. பாதங்களையோ மேஜை மறைத்துவிட்டது. கால் பட்டது யாருக்கும் தெரியாமல், கும்பிட்டது மட்டும் பதிவாகியிருக்கிறது.

சாப்பாடு முடிந்து ஸ்டெல்லா வந்ததும் நான் மேஜைக்குப் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவருடைய கால்களை மட்டும் கவனித்தேன். பெடலை மிதித்துவிட்டுத் திரும்பும்போது ஷூ நுனி ‘முடிந்தது’ பெட்டியில் பட்டது. கை வந்தது. பெட்டியைத் தொட்டது. விரல்கள் உதட்டுக்குப் போயின.

“ஸ்டெல்லாம்மா, இப்ப கும்பிட்டீங்க.”

“நானா? நான் சர்ச்சுக்குப் போறவ சார். பொட்டியப் போயி எதுக்குக் கும்புடப் போறேன்?”

“தொட்டு முத்தம் கொடுத்தீங்க.”

அவர் யோசித்தார். காலை மெதுவாக நகர்த்தி, வேண்டுமென்றே பெட்டியில் இடித்துப் பார்த்தார். கை தானாகக் கிளம்பியது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

“அய்ய, ஆமா சார்!” என்று வெடித்துச் சிரித்தார். “இன்னா சார் இது, கை தன்னால போவுது!”

மெடிக்கல் ரத்தாயிற்று. பாலசுந்தரத்துக்கு இதை ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தன் பாணியில் ஒரு தீர்வைச் சொன்னார். “சிம்பிள். ஸ்டேஷன் நாலுல கால் பட்டா யாரும் கும்பிடக் கூடாதுன்னு சொல்லிடுங்க.”

சொன்னோம். இரண்டு நாள் அமலில் இருந்தது. நிலைமை முன்பைவிட மோசமாயிற்று. கை கிளம்பும், ஞாபகம் வரும், நடுவில் நிற்கும், முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஊசலாடும். அப்படி ஓர் அசைவை உலகத்தில் எந்த மென்பொருளாலும் கணிக்க முடியாது. “சார், கும்புடாம இருந்தா மனசு வேற உறுத்துது. பொட்டிகிட்ட சாரி சொல்லிடவா?” என்றார் டில்லி.

பெட்டியை நகர்த்திப் பார்த்தோம். இடம் குறுகல். கால் மேஜைக் காலில் பட்டது, டூல் பாக்ஸில் பட்டது. கும்பிடுவதற்குப் பொருளா இல்லை?

ஆகவே வேணி முடிவு செய்தார்: மனிதர்களை மாற்ற வேண்டாம், ரோபோவுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

5. எதற்கு உண்டு, எதற்குக் கிடையாது

கற்றுக்கொடுக்கப் பதிவு வேண்டும். டில்லியை நிறுத்தி, “அண்ணே, பெட்டியில கால் பட்ட மாதிரி பண்ணிக் காட்டுங்க” என்றார் வேணி. டில்லி காலை வைத்தார். பிறகு இரு கைகளாலும் பெட்டியைத் தொட்டு, கண்களை மூடி, திருவேற்காட்டு அம்மன் சந்நிதியில் நிற்பவரைப் போல நெஞ்சுருகக் கும்பிட்டார்.

“இவ்ளோ பக்தியா நீங்க பண்ண மாட்டீங்களே அண்ணே!”

“கேட்டுப் பண்றது வேற, தானா வர்றது வேற மேடம். கொட்டாவி வுடுன்னா வருமா?”

அது சரிதான். தானாக வர வேண்டும். அதற்குக் கால் பட வேண்டும். எதன்மீது கால் பட்டால் கை போகிறது? கேன்டீனில் இது பெரிய விவாதமானது. நான் நிறையப் படிக்கிறவன். கோயில் பழக்கம், மரியாதைச் சடங்கு பற்றியெல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் எங்கள் கேன்டீனில் அன்று தீர்மானமான விஷயங்களை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

காகிதத்துக்கு உண்டு, அச்சடித்திருந்தால் நிச்சயம் உண்டு. டிஷ்யூ பேப்பருக்குக் கிடையாது. அளவு பார்க்கும் கருவிகளுக்கு உண்டு. சுத்தியலுக்கு உண்டா என்பதில் இரண்டு கட்சி. துடைப்பத்துக்குக் கிடையாது என்று டில்லி சொன்னதும், “ஏன், அது லச்சுமி இல்லியா?” என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல் வந்தது. சக மனிதர் மேல் பட்டால் சந்தேகமே இல்லாமல் உண்டு, அவர் சண்டைக்காரராக இருந்தாலும்.

“காலிப் பெட்டி?” என்று வேணி கேட்டார்.

ஸ்டெல்லா யோசித்தார். “காலிப் பொட்டிக்கு இல்ல. உள்ள ஒரு பீஸ் இருந்தாக்கூட உண்டு.”

“ஏன்க்கா?”

“அது நம்ம செஞ்சது இல்ல?”

வேணி அதையும் குறித்துக்கொண்டார்.

கால் படட்டும் என்று நடைபாதையில் பொருள்களைப் போட்டு வைக்க நான் சம்மதிக்கவில்லை. நடைவழி காலியாக இருக்க வேண்டும் என்பது என் துறையின் முதல் விதி. கடைசியில் ‘முடிந்தது’ பெட்டியை பெடலுக்கு ஒரு கையகலம் நெருக்கமாக வைத்தோம். ரோபோவின் கையை எட்டாத தூரத்தில் ஒதுக்கி நிறுத்தினோம். ஆட்களே ஹவுசிங்கைத் தூக்கி வைக்க வேண்டியிருந்ததால், ஸ்டெல்லாவுக்காக டில்லியின் நண்பர்கள் முறைபோட்டுக்கொண்டு வந்து தூக்கிக் கொடுத்தார்கள். கேமராக்கள் மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தன. முதலில் எல்லோரும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்தார்கள். போகப் போக மறந்துவிட்டார்கள். மறந்த பிறகு வந்தவைதான் எங்களுக்கு வேண்டிய பதிவுகள்.

அவற்றில் வேணி ஒன்றைக் கவனித்தார். முடிவு ஆளுக்கு ஆள் வேறு. டில்லி கண்ணில் ஒற்றிக்கொள்வார், ஸ்டெல்லா விரலை முத்தமிடுவார், தூக்கிக் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். தொடக்கம் எல்லோருக்கும் ஒன்று. கால் பட்டதும் இடுப்பு அப்படியே ஒரு கணம் நிற்கிறது. அதன் பிறகுதான் தோள் இறங்குகிறது. பெடலை மிதிக்கும்போது இடுப்பு இப்படி நிற்பதில்லை. “முடிவு எதுவா இருந்தா நமக்கென்ன சார்? இந்த ஆரம்பத்தைப் பிடிச்சாப் போதும். அண்ணாத்தே ஒதுங்கிக்குவாரு” என்றார். அவருக்கும் அது அண்ணாத்தே ஆகியிருந்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டே மென்பொருளை மறுபடி பழக்கினார்.

6. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வாங்கும் கம்பெனியிலிருந்து பார்வையாளர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, முதல் ஷிஃப்ட். உயரமானவர், அதிகம் பேசாதவர். தன் ஷிஃப்ட் இல்லையென்றாலும் டில்லி வந்து தூணோரமாக நின்றுகொண்டார்.

ஸ்டெல்லா ஆரம்பித்தார். எதிலும் கால் பட்டுவிடக் கூடாது என்று அவர் தீர்மானித்துவிட்டது தெரிந்தது. ஈரத் தரையில் நடப்பவர் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. அதே போட்டோ உடம்பு. ரோபோ இப்போது பழகியிருந்ததோ அவருடைய நிஜ உடம்புக்கு. இந்த விறைத்த மனிதரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தது. மறுபடி குறைத்தது. பாலசுந்தரம் என்னைப் பார்த்தார். நான் கேபிளைப் பார்த்தேன்.

“எக்கா, ஃப்ரீயா செய்யி!” என்று டில்லி தூணிலிருந்து கத்தினார்.

“நீ சும்மா கெட!” என்றார் ஸ்டெல்லா, திரும்பாமல்.

ரோபோ ஏன் தயங்குகிறது என்று அருகில் பார்க்க விரும்பிய பார்வையாளர், ஸ்டேஷனுக்கு எல்லையாகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா பெடலை மிதித்துத் திரும்பினார். அவர் கால் பார்வையாளரின் ஷூ மேல் பட்டது.

மனிதர் மேல் பட்டால் சந்தேகமே இல்லை என்று கேன்டீனில் ஏற்கெனவே முடிவானதுதானே? ஸ்டெல்லாவின் கை அவருடைய முழங்காலை நோக்கி இறங்கி உதட்டுக்குப் போய்விட்டது. அப்போது ரோபோவின் கையில் ஒரு முழு ஹவுசிங் இருந்தது. அது நிற்கவில்லை. எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, ஹவுசிங்கை உயரப் பிடித்துக்கொண்டு, நெரிசலான பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடும் ஆளைப் போல் காத்திருந்தது. ஸ்டெல்லா நிமிர்ந்ததும் திரும்பி வந்து தன் வேலையைப் பார்த்தது.

“அச்சோ, சாரி சார், பாக்கல” என்றார் ஸ்டெல்லா.

“பரவாயில்லம்மா, பரவாயில்ல” என்ற பார்வையாளரின் கை, அவரை அறியாமல் நெஞ்சுக்குப் போய் வந்தது.

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவின் உடம்பு தளர்ந்துவிட்டது. ஆகக் கூடாதது ஆகிவிட்டது, இனி என்ன என்ற நிம்மதியாக இருக்கலாம். அன்று மிச்ச நேரம் முழுவதும் ரோபோ நிற்கவே இல்லை. பார்வையாளர் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வேலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டெல்லா இன்றும் ஸ்டேஷன் நான்கில்தான் இருக்கிறார். தோள் சரியாகவில்லை, மோசமாகவும் இல்லை.

இளையவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். வேலை செய்கிறவரிடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், அவர் வேலையைத்தான் சொல்வார். வேலைக்கு நடுவே உடம்பு தன்பாட்டுக்குச் செய்வதை அவரால் சொல்ல முடியாது; அது அவருக்கே தெரியாது. ஆகவே கேளுங்கள், ஆனால் கேட்டதோடு விட்டுவிடாமல் உட்கார்ந்து பாருங்கள். கேட்கிற உங்களுக்கும் அதே ஊர் உடம்புதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, தன் கால் பார்வையாளர்மேல் படுவதற்கு முன்பே ரோபோ ஒதுங்கிவிட்டது என்கிறார் ஸ்டெல்லா. “அது நவுந்துச்சு, அப்பால நான் இடிச்சேன் சார். மாதா சத்தியமா.” அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்கிறார் வேணி. கால் பட்டு இடுப்பு நின்ற பிறகுதான் மென்பொருளுக்கே தெரியும். ஒருவேளை குறுக்கே வந்த பார்வையாளரைக் கண்டு ஒதுங்கியிருக்கலாம் என்பது அவர் கருத்து. நான் அங்கேயே நின்றிருந்தும் ஸ்டெல்லாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய புள்ளிகளின்மேல் புதிய புள்ளிகள் பதிவாகும்படி அமைக்கப்பட்ட கணினி அது. நாங்கள் தேடிப் போனபோது அன்று காலைப் பதிவு அழிந்திருந்தது. பார்வையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். ரோபோவைத் தாம் கவனிக்கவில்லை என்றும், அந்த அம்மா விழுந்துவிடுவாரோ என்றுதான் பார்த்ததாகவும் பதில் வந்தது. எது முதலில் நடந்தது என்பதை என்னால் இன்றுவரை சரிபார்க்க முடியவில்லை.